மரத்தவளைக்கு வேண்டியது மரம் மட்டும்தானா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன், சரிதானா என்று பாருங்கள். மதுரை திருநகரில் உங்கள் வீட்டுக் குளியலறைச் சுவரில் பெரிய கண்களோடு ஒரு தவளை சில நாட்களாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அழிந்துவரும் மரத்தவளைகளைப் பற்றி எங்கோ படித்த நினைவில், இது அதுவாக இருக்குமோ என்று சந்தேகப்படுகிறீர்கள். அப்படியென்றால் அழகர்மலையிலோ கோடைக்கானலிலோ கொண்டுபோய் விடலாமா, நண்பர்கள் சேர்ந்து கோடைக்கானலில் மரம் நட்டால் அந்தத் தவளைகளுக்கு உதவியாக இருக்குமா என்று கேட்கிறீர்கள். வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் அம்மா பயப்படுகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பல கேள்விகளாகத் தெரிந்தாலும், நீங்கள் உண்மையில் கேட்பது இந்தத் தவளைகள் எதை நம்பி வாழ்கின்றன என்பதைத்தான். விலங்கியல் படித்தவன், பழனிமலைச் சோலைகளில் பல ஆண்டுகள் தவளைக் கணக்கெடுப்பில் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் வீட்டு விருந்தாளி. நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தால் இது இந்திய மரத்தவளை, அறிவியல் பெயர் பாலிபெடேட்டஸ் மாக்குலேட்டஸ். காலை மடக்கி உட்கார்ந்திருப்பதால் தொடையின் பின்பக்கம் தெரியவில்லை. அங்கே கருத்த பின்னணியில் மஞ்சள் புள்ளிகள் இருந்தால் அப்புறம் சந்தேகமே வேண்டாம். விரல் நுனியில் வட்டத் தட்டு, ஒட்டிய இடுப்பு, துருத்திய கண் இந்த மூன்றும் சேர்ந்து மதுரைப் பக்கத்து வீட்டுச் சுவரில் தெரிந்தால் அநேகமாக இதுதான். இந்தியாவின் பெரும்பகுதியிலும் இலங்கையிலும் காணப்படும் தவளை. அழியும் ஆபத்தில் இல்லை. வெயில் காலத்தில் ஈரம் தேடிக் குளியலறை, தண்ணீர்த் தொட்டி, பூந்தொட்டி என்று வந்து சேரும். பகலில் அசையாமல் கிடந்து, இரவில் கரப்பானையும் ஈசலையும் தின்னும். மழை பிடித்துவிட்டால் தொட்டிச் சுவரில், தண்ணீருக்கு மேலே, நுரையால் ஒரு கூடு கட்டும். நுரையின் வெளிப்பக்கம் காய்ந்து இறுகிவிடும், உள்ளே முட்டைகள் ஈரமாக இருக்கும். பொரிந்ததும் தலைப்பிரட்டைகள் கீழே தண்ணீரில் விழும். அப்படி நுரை தென்பட்டால் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடாதீர்கள். தொட்டிக்குள் ஒரு குச்சியைச் சாய்த்து வையுங்கள், வளர்ந்த குஞ்சுகள் ஏறி வெளியே வர வழியாக இருக்கும்.

அம்மாவின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளமாட்டேன். பிள்ளை மேல் தேரை விழுந்தால் இளைத்துத் தேய்ந்துவிடும் என்பது நம் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருவது. பிள்ளை இளைக்கிறது என்பதை நம் பெரியவர்கள் கவனமாகப் பார்த்திருக்கிறார்கள், அது உண்மை. ஆனால் அதற்குக் காரணம் சத்துக் குறைவு, அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு, வேறு நோய் போன்றவை. தவளைக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. குழந்தையின் எடை ஏறவில்லை என்றால் தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். தவளையைத் தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். தொடாமல் இருப்பது இன்னும் நல்லது, அதுவும் தவளைக்காக. அது தோல் வழியாகத்தான் தண்ணீர் குடிக்கிறது, மூச்சிலும் ஒரு பங்கு தோல் வழியாகத்தான். நம் கையில் இருக்கும் கிருமிநாசினி, கொசு மருந்து எல்லாம் நேராக அதன் உடம்புக்குள் போகும்.

இனி நீங்கள் படித்த தவளைகளுக்கு வருவோம். அவை மதுரையில் இல்லை, ஆனால் ரொம்ப தூரத்திலும் இல்லை. சாலை வழியாக ஏறத்தாழ 120 கிலோமீட்டர் போய், கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டர் உயரத்தைத் தாண்டினால் அவற்றின் நாடு. மரத்தவளைக் குடும்பத்தைச் சேர்ந்த கோடைக்கானல் புதர்த்தவளை (அறிவியல் பெயர் ராவோர்கெஸ்டஸ் துபுவா) பிஜு, போசூய்ட் என்ற இரு ஆய்வாளர்களால் 2006-இல் பழனிமலையிலிருந்து அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. இவ்வளவு பேர் வந்துபோகும் ஒரு சுற்றுலா ஊரின் பெயரைத் தாங்கிய தவளை இந்த நூற்றாண்டில்தான் பெயர் பெற்றது என்பது எனக்கு இன்றும் வியப்பு. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் அழியும் அபாயம் உள்ளவற்றின் வரிசையில் வைக்கப்பட்ட இனம் அது. ராவோர்கெஸ்டஸ் பேரினத்தில் மட்டும் எழுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன, அவற்றில் மிகப் பெரும்பாலானவை மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழ்பவை. பலவற்றுக்கு ஒரு மலைத்தொகுதிதான் மொத்த உலகமும்.

இந்தப் புதர்த்தவளைகளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம், இவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. குளம் வேண்டாம், குட்டை வேண்டாம், ஓடையும் வேண்டாம். இனத்துக்கு ஏற்ப இலையின் மேலோ, தரைச் சருகுக்குள்ளோ, மண்ணுக்குள்ளோ முட்டை இடும். சில வாரங்களில் முட்டைக்குள்ளேயே வால் வந்து, வால் மறைந்து, கால் முளைத்து, உளுந்து அளவில் ஒரு முழுத் தவளை வெளியே வரும். நீங்கள் வீட்டில் பார்க்கும் மரத்தவளை நுரைக்கூட்டை நம்புகிறது. இதற்கு அந்த நுரையும் இல்லை. சோலைக்குள் நிற்கும் ஈரக்காற்றுதான் முட்டைக்குக் குளம். அந்தக் காற்று சில நாட்கள் காய்ந்துவிட்டால் அந்த ஈட்டு முட்டைகள் வற்றிப் போகும். பெரிய தவளையும் பெரிதாக ஒன்றும் தாங்காது. உடம்பு இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். சிறிய உடம்பில் எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பு அதிகம், அதனால் ஈரம் சீக்கிரம் போய்விடும்.

சோலை என்பதை வெறுமனே காடு என்று நினைத்துவிடக் கூடாது. மலை மடிப்புகளில், ஓடைகள் பிறக்கும் பள்ளங்களில், குட்டையான மரங்கள் நெருக்கி நிற்கும். நாவல் இனங்கள், காட்டுப் பூவரசு, காட்டுச் செண்பகம், அடியில் குறிஞ்சிச் செடி வகைகள். மரப்பட்டையெல்லாம் பாசி, பெரணி, ஆர்க்கிட். மூட்டம் வந்து மோதும்போது அந்தப் பாசி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மழை இல்லாத நாளிலும் இலை நுனியிலிருந்து சொட்டும். பழனிமலை மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே நீண்டிருப்பதால் தென்மேற்குப் பருவமழையோடு வடகிழக்குப் பருவமழையும் கிடைக்கிறது. அதனால் வருடத்தில் பல மாதங்கள் ஈரம் நிற்கும். சோலையைச் சுற்றி, மலை முதுகிலும் சரிவிலும் புல்வெளி. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுதான் இந்த உயரத்து மலையின் இயல்பான அமைப்பு. புல்வெளி யாரோ மரத்தை வெட்டியதால் வந்த வெற்றிடம் என்று ரொம்பப் பேர் நினைக்கிறார்கள். நீலகிரியின் சதுப்பு மண்ணை ஆராய்ந்தபோது அங்கே புல்வெளிகள் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது தெரியவந்தது. உறைபனி விழும் இரவுகளில் திறந்த சரிவில் சோலை மரக் கன்றுகள் பிழைப்பது கடினம், அதனால் அந்த இடம் புல்லுக்கே உரியது.

புல்வெளி தவளைக்கு எதற்கு என்று கேட்பீர்கள். இன்னொரு தவளையைச் சொன்னால் புரியும். காடிக்ஸாலஸ் ஆஸ்டெரோப்ஸ், விண்மீன் கண் மரத்தவளை என்று சொல்லலாம். 2008-இல் விவரிக்கப்பட்டது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் அதன் உறவினம் ஒன்று இருக்கிறது, தெற்கே பழனிமலையில் இது. இது புதர்த்தவளை மாதிரி இல்லை. இதன் தலைப்பிரட்டைகள் ஓடும் தண்ணீரில் வளர்பவை, அதனால் ஓடை வற்றாமல் ஓட வேண்டும். மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடை வரைக்கும் கசியவிடுவது மேலே இருக்கும் புல்வெளியும் சதுப்பும். கும்பக்கரை அருவியில் குளித்திருப்பீர்கள். அந்தப் பாம்பாற்றுத் தண்ணீர் கோடைக்கானல் மலையில் பிறந்து, பெரியகுளம் பக்கம் இறங்கி, வராக நதியோடு சேர்ந்து வைகைக்கு வருகிறது. மதுரைக்காரர் ஒருவர் இந்த மலையின் ஈரத்தைப் பற்றிக் கேட்பது என் மனசுக்கு ரொம்ப நெருக்கமான விஷயம்.

இவ்வளவு சின்ன இடத்துக்குள் இவை ஏன் அடங்கிவிட்டன என்பதற்குக் காரணம் வெயில்தான். குளிர்ந்த உச்சியில் பழகிய தவளையால் கீழே இறங்கிச் சமவெளியைத் தாண்டி இன்னொரு மலைக்குப் போக முடியாது. ஒவ்வொரு மலையுச்சியும் கடலில் ஒரு தீவு போலத் தனித்து நின்றதால் ஒவ்வொன்றிலும் தனித்தனி இனங்கள் உருவாகின. மூணாறு பக்கம் ஆனைமுடியைச் சுற்றி மட்டும் வாழும் ஒரு செந்நிறப் புதர்த்தவளை 2010-இல் விவரிக்கப்பட்டது. மரத்தவளைக் குடும்பம்தான், ஆனால் மரமே ஏறாது, தரையோடு தரையாகக் குட்டை மூங்கில் புதர்களின் அடியில் கிடக்கும். அதுவும் மிக அபாயகரமான நிலையில் இருப்பதாகப் பட்டியலிடப்பட்டது. வெப்பம் கூடினால் தாவரமும் பூச்சியும் மேலே நகரலாம். உச்சியில் இருப்பதற்கு மேலே போக இடமில்லை. பழனிமலையின் உயரமே ஏறத்தாழ 2,500 மீட்டரோடு முடிந்துவிடுகிறது.

வாழிடம் எவ்வளவு போயிருக்கிறது என்பதில் ஊகம் வேண்டியதில்லை, செயற்கைக்கோள் படங்களை வைத்து அளந்திருக்கிறார்கள். 2018-இல் வெளியான ஆய்வின்படி, பழனிமலையில் நாற்பது ஆண்டுகளில் இயற்கைப் புல்வெளியில் 66 விழுக்காடும் சோலைக்காட்டில் 31 விழுக்காடும் காணாமல் போயிருக்கின்றன. ஒரு காலத்தில் அந்த மலையின் பெரும்பரப்பாக இருந்த புல்வெளி இப்போது துண்டு துண்டாக எஞ்சியிருக்கிறது. அந்த இடத்தைப் பிடித்தவை முதலில் தோட்ட மரங்கள், அதற்கு அடுத்துத்தான் விவசாயம். தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டில் என்ற அயல்நாட்டு மரம், கூழுக்கும் விறகுக்கும் யூகலிப்டஸ், அப்புறம் பைன். வாட்டில் நட்ட இடத்தோடு நிற்காது, விதை பரப்பிப் பக்கத்துப் புல்வெளிக்குள் தானே நுழைந்துவிடும்.

உங்கள் மரம் நடும் யோசனைக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. புல்வெளியில் எந்த மரத்தையும் நடாதீர்கள், சோலை மரமே ஆனாலும் வேண்டாம். காலியாகத் தெரியும் சரிவைப் பார்த்ததும் நட வேண்டும் என்று கை துடிக்கும், எனக்குப் புரிகிறது. நல்ல மனதோடு கல்லூரிப் பிள்ளைகள் பேருந்தில் வந்து, புல்வெளியில் குழி தோண்டி நட்டுவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கன்றுகளில் பெரும்பாலானவை பனியில் கருகிவிடும். பிழைப்பவை புல்லைக் கொல்லும். விண்மீன் கண் தவளையின் ஓடைக்குத் தண்ணீர் விடும் நிலத்தைத்தான் நாம் குறைக்கிறோம்.

அப்படியானால் வாட்டிலை எல்லாம் வெட்டிவிடலாமா என்றால், அதில் மலையில் வேலை செய்பவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. புல்வெளிக்குள் புதிதாக நுழையும் இளம் வாட்டிலைப் பிடுங்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். பழைய தோட்டங்கள் வேறு கதை. வட்டக்கானல் பக்கத்தில் வேலை செய்த பாதுகாப்பு அமைப்பினர், பழைய தோட்டங்களின் நிழலில் சோலை மரக் கன்றுகள் தாமாக முளைத்து வருவதைப் பல ஆண்டுகளாகச் சுட்டிக்காட்டி வந்தார்கள். நான் நடந்த இடங்களிலும் அதைப் பார்த்திருக்கிறேன். அடியில் ஒன்றும் முளைக்காத, காய்ந்த சருகு மட்டும் கிடக்கும் யூகலிப்டஸ் தோட்டத்துக்குள் போனால் புதர்த்தவளைச் சத்தம் சட்டென்று நின்றுவிடும். ஆனால் சோலைச் செடிகள் மார்பளவு எழும்பிய பழைய வாட்டில் தோட்டத்தில் மழை விட்ட மாலையில் டிக் டிக் என்று குரல் கேட்கும். அங்கே போய் இயந்திரத்தை விட்டு ஒரேயடியாக வெட்டினால், வெயில் நேராகத் தரையில் விழுந்து, திரும்பவும் வாட்டில் விதைதான் முளைக்கும். அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்று தமிழ்நாடு அரசு 2022-இல் ஒரு கொள்கையே வகுத்திருக்கிறது. எந்த இடத்தில் வெட்டுவது, எந்த இடத்தில் விட்டுவைப்பது என்பதை ஒவ்வொரு சரிவாகப் பார்த்து முடிவு செய்வதுதான் சரி என்பது என் கருத்து. இதை என் அனுபவத்தின் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளுங்கள், முடிந்த முடிவாக வேண்டாம்.

வாழிடம் போனது நிச்சயம். மற்ற காரணங்களில் எவ்வளவு பங்கு எதற்கு என்று பிரித்துச் சொல்வது கடினம். 2023-இல் வெளியான உலக அளவிலான மதிப்பீட்டில், இருவாழ்விகளில் ஏறக்குறைய 41 விழுக்காடு இனங்கள் அழியும் அபாயத்தில் இருப்பதாகத் தெரியவந்தது. 2004-க்குப் பிறகு நிலை மோசமான இனங்களில் 39 விழுக்காட்டுக்குக் காலநிலை மாற்றமே முதன்மைக் காரணம். பழனிமலைத் தவளைகளுக்கும் அந்த ஆபத்து பொருந்தும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு, ஏனென்றால் அவை நம்பியிருப்பது மூட்டத்தை. தென்னமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் தவளைகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற கைட்ரிட் பூஞ்சை மேற்குத் தொடர்ச்சி மலையிலும் கண்டறியப்பட்டிருக்கிறது. ஆனால் இங்கே அதனால் அப்படிப் பெருஞ்சாவு நிகழ்ந்ததாகப் பதிவு இல்லை. காரட், பூண்டு வயல்களில் அடிக்கும் மருந்து ஓடையில் கலக்கிறது, அது தலைப்பிரட்டைக்கு நல்லதல்ல என்று யாரும் சொல்லிவிடலாம். இந்த மலையில் எந்த மருந்து எந்தத் தவளையை எவ்வளவு குறைத்தது என்று கணக்குக் கேட்டால் நான் சொல்லமாட்டேன்.

ஒரு இனம் கண்ணில் படவில்லை என்பதை வைத்து அது அழிந்தே போய்விட்டது என்று முடிவு கட்டுவதிலும் எச்சரிக்கை வேண்டும். களக்காடு முண்டந்துறைப் பக்கத்தில் சாலசோட்ஸ் புதர்த்தவளை என்று ஒன்று. 1876-இல் குந்தர் என்ற விலங்கியலாளர் விவரித்தார். அதன் பிறகு நூறு ஆண்டுகளுக்கும் மேல் கண்டதாகச் செய்தியே இல்லை. இந்த நூற்றாண்டில் மறுபடி கண்டுபிடித்தார்கள். பளிச்சென்ற பச்சைத் தவளை, இத்தனை காலம் எங்கே இருந்தது என்றால் மூங்கிலுக்குள். அங்கே வளரும் ஒல்லியான காட்டு மூங்கிலின் கணுவிடையில் இருக்கும் சிறு கீறல் வழியாக உள்ளே நுழைந்து, உட்சுவரில் முட்டை ஒட்டவைத்து, ஆண் தவளை காவல் இருக்கிறது என்பது 2015-இல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. அந்த மூங்கிலை வெட்டி எடுத்துவிட்டால், மரமெல்லாம் அப்படியே நின்றாலும் அந்தத் தவளைக்கு இடமில்லை. தமிழ்நாட்டில் இப்படி ஒரு உயிர் இருக்கிறது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளிடம் சொல்லும்போதெல்லாம் அவர்கள் முகத்தைப் பார்ப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

தவளையைக் கொண்டுபோய் விடும் கேள்விக்கு: வேண்டாம். அழகர்மலை பச்சையாகத் தெரிந்தாலும் அது வறண்ட மலைக்காடு, நூபுரகங்கை ஓரத்து ஈரம் மலை முழுக்க இல்லை. உங்கள் தவளைக்கு உங்கள் தெருவைவிட அங்கே பெரிய சௌகரியம் எதுவும் கிடையாது, தன் தொட்டியையும் ஒளியும் இடத்தையும்தான் இழக்கும். கோடைக்கானலில் விட்டால் குளிரில் அது சாகலாம், அதைவிட மோசம், சமவெளியிலிருந்து பூஞ்சையோ வேறு கிருமியோ ஏறிப்போய் ஏற்கெனவே நெருக்கடியில் இருக்கும் தவளைகளுக்குத் தொற்றலாம். கோடைக்கானல் வனப்பகுதியில் 600 சதுர கிலோமீட்டருக்கு மேல் 2013-இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் எந்த உயிரையும் நாமாகக் கொண்டுபோய் விடுவது சட்டப்படியும் தவறு.

உங்கள் நண்பர் குழுவுக்கு வேலை வேண்டும் என்றால் இருக்கிறது. கோடைக்கானல் வனத்துறை அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். புல்வெளியில் வாட்டில் கன்று பிடுங்கும் முகாம், சோலை நாற்றங்கால் வேலை, ஓடையோரக் கண்ணாடிப் பாட்டில் பொறுக்குவது போன்றவற்றுக்கு ஆள் தேவைப்படும். போகும்போது காலணியில் ஒட்டிய சேற்றைக் கழுவிக் காயவைத்துப் போங்கள். ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குக் கிருமி போகும் வழிகளில் அதுவும் ஒன்று. சோலைக்குள் இரவில் அனுமதியில்லாமல் நுழைய வேண்டாம், கிடக்கும் கட்டையையும் கல்லையும் புரட்டவும் வேண்டாம், அடியில் முட்டை இருக்கலாம்.

புதர்த்தவளையைக் கேட்க உள்ளே போக வேண்டியதே இல்லை. மழைக்காலத்தில், பொழுது சாயும் நேரம், சோலையை ஒட்டிய பொதுச் சாலையோரம் வண்டியை அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் பேசாமல் நின்றால் போதும். குரல் கேட்டால் கைபேசியில் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். தேதி, நேரம், மழை பெய்ததா, சுற்றிலும் சோலையா தோட்டமா என்பதைப் பேசியே அதில் சேர்த்துவிடுங்கள். இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல், ஐநேச்சுரலிஸ்ட் போன்ற உயிரினப் பதிவு இணையதளங்களில் ஏற்றினால் குரலை வைத்து இனத்தைச் சொல்லக்கூடியவர்கள் பார்ப்பார்கள். ஏற்றும்போது துல்லியமான இடத்தை மறைக்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள், படம் எடுப்பதற்காகவே கூட்டம் கூடிச் செடிகளை மிதிப்பதைச் சில இடங்களில் பார்த்திருக்கிறேன்.